மூன்றாம் மேசையின் தீர்ப்பு

இரண்டு பெட்டிகளும் ஒரே பார்சலில் வந்திருந்தன. பிரித்து மேசையில் வைத்தபோதே, இதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று சயோகோவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அனுப்பவில்லை.

இரண்டிலும் ஒரே விமானம், ஒய்.எஸ்-11. ஒரு காலத்தில் ஜப்பானின் சின்னச் சின்னத் தீவுகளுக்கெல்லாம் பயணிகளைச் சுமந்து பறந்தது. இரண்டும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஒரே விமானத்தை இரண்டு கம்பெனிகள் ஒரே மாதத்தில் வாங்குகிறவர் துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடலாக வெளியிடுவது, மாடல் கம்பெனிகள் நிறைந்த ஷிசுவோக்கா ஊரில் புதிதல்ல. யார் என்ன அச்சு வெட்டுகிறார்கள் என்பது இங்கே டீக்கடைவரை தெரியும்; தெரிந்த பிறகு பின்வாங்குவது கௌரவக் குறைச்சல்.

ஒரு பெட்டி யுகிஷிமாவுடையது. ஊரிலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று. இன்னொன்று ஹமாயூ. நாற்பது பேர் வேலை செய்யும் இடம். இதுவரை கோட்டைகளும் கோயில்களும்தான் செய்து விற்றார்கள். இது அவர்களுடைய முதல் விமானம். கோட்டை வேலைகளுக்கு நடுவே நான்கு வருடம் உட்கார்ந்து அதை வரைந்தவன் ஷுஹேய். சயோகோவின் அத்தை பார்த்துச் சொன்ன வரன். மூன்று முறை சந்தித்துப் பேசியதிலேயே இருவருக்கும் பிடித்துப்போய், நவம்பரில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

சயோகோவுக்கு முப்பத்து நான்கு வயது. பகலில், பல் மருத்துவர்களுக்கு செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேபில் வேலை. அவள் மாடல் செய்வாள் என்பது ஷுஹேய்க்குத் தெரியும். ஆனால் 'மூன்றாம் மேசை' அவள்தான் என்பது தெரியாது.

அது ஒரு மாத இதழில் வரும் பக்கம். கிட் எனப்படும் மாடல் பெட்டிகளில் போட்டியாக வரும் இரண்டையும் ஒரே கை செய்து பார்த்து, எதை வாங்கலாம் என்று எழுதும். எழுதுபவர் பெயர் வராது. ஆசிரியர் ஒகிதாவைத் தவிர யாருக்கும், வீட்டாருக்குக்கூட, தெரியக் கூடாது. பெட்டியில் இருப்பதை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும், வெளியிலிருந்து ஒரு துண்டுகூடச் சேர்க்கக் கூடாது. இதழ் அச்சாகும்வரை கம்பெனிக்காரர்களிடம் வாய் திறக்கக் கூடாது. கடைசி வரியில் ஒன்றின் பெயரைத்தான் எழுத வேண்டும்; இரண்டுமே நன்று என்று எழுதினால் ஒகிதா திருப்பி அனுப்பிவிடுவாள். ஆறு வருடமாக சயோகோ இதையெல்லாம் மீறியதில்லை.

கட்டிக்கொள்ளப் போகிறவனின் வேலையைத் தானே எடைபோடுவது தப்பு. ஆனால் நான்கு மாதமாக அவன் வாய் ஓயாமல் சொல்லிவந்த பாகங்கள் பெட்டிக்குள் இருந்தன. மூடியைத் திறந்து பார்த்துவிட்டாள். திறந்த பிறகு மூட மனம் வரவில்லை.

ஹமாயூவின் கிட் அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தால், பசை வைப்பதற்கு முன்பே ஒட்டிக்கொண்டதுபோல நின்றன. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு தலைமுடிகூட நுழையாது. யுகிஷிமாவில் அதே இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பட்டி பூசி, காயவைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடியும் பூசி, அந்த ஒரு இடத்துக்கே நான்கு மாலைகள் போயின. ஆறாம் நாள் மதியம்வரை அவள் மனதில் கடைசி வரி தயாராக இருந்தது. ஷுஹேயின் வேலை என்பதால் இல்லை, உண்மையாகவே அதுதான் நல்லது என்பதால், தைரியமாகவே எழுதலாம் என்று நினைத்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை, லேபில் விடுமுறை. சாயங்காலம் சக்கரக் கால்களை ஒட்டி, இரண்டு விமானங்களையும் ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஹமாயூவின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பல் செய்கிறவளுக்கு உயரம்தான் பிழைப்பு. ஒரு பல் அரை மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தால் மனிதனால் சோறு மெல்ல முடியாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையும் காட்டும் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தாள். பழைய விமான நிலையப் புகைப்படங்களைத் தேடியெடுத்துப் பார்த்தாள். முன்கால் என்பது மேலே தடித்த குழாய், அதற்குள் ஏறி இறங்கும் பளபளப்பான கம்பி. பறந்துகொண்டிருந்த காலத்துப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கம்பி அரைச் சாண் போல வெளியே தெரிந்தது. யுகிஷிமாவிலும் தெரிந்தது. ஹமாயூவில் கம்பியே இல்லை. குழாய் நேராகச் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தது. வித்தியாசம் ஒன்று புள்ளி ஏழு மில்லிமீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை, கடலோர ஊரான யுயியில், ஷுஹேய் வீட்டில் மதியச் சாப்பாடு. அவனுடைய அம்மா தோமியே, கடலில் அப்போதுதான் வந்திருந்த சின்ன இறாலை மாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டே இருந்தாள். அப்பா எய்ஜி சூரை மீன் டப்பா அடைக்கும் ஆலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டியிலிருந்து எடுத்ததும் வாயில் போட்டுக்கொண்டு, சூடு தாங்காமல் முழித்துக்கொண்டிருந்தார். மாதிரிக்கு வார்த்த விமானம் ஒன்றை ஷுஹேய் வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான்.

பேச்சு மூன்றாம் மேசைக்குப் போனது. இந்த மாதம் அந்தப் பக்கம் ஹமாயூ பெயரைச் சொன்னால் அடுத்த விமானத்துக்குப் பணம் போடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம். இல்லாவிட்டால் பழையபடி கோட்டைதானாம்.

"அந்த மூணாம் மேசைக்காரன் போன வருஷம் இவனோட கோட்டையப் பத்தி என்ன எழுதினான் தெரியுமா, சயோகோ சான்?" என்றாள் தோமியே. "கூரை அழகா இருக்கு, சுவருதான் நிக்க மாட்டேங்குதுன்னு. இவன் ரெண்டு நாள் சோறு திங்கல."

"ஒரு நாள்," என்றான் ஷுஹேய்.

"அவனுக்குக் கல்யாணமே ஆயிருக்காது," என்றார் எய்ஜி. "ஆயிருந்தா சன்னலை உட்கார்ந்து எண்ணிக்கிட்டிருக்க எவ விடுவா?"

சயோகோ ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அந்தாள் எழுதினது சரிதாம்பா," என்றான் ஷுஹேய். "சுவர் நிக்கல. நானும் ஒட்டிப் பாத்தேன்."

பிறகு, பக்கத்து மாகாணத்துப் பூங்கா ஒன்றில் நிறுத்திவைத்திருக்கும் பழைய ஒய்.எஸ்-11ஐப் பதினோரு நாள் அளந்த கதையைச் சொன்னான். விமானத்தின் அடியில் பாய் விரித்து மல்லாந்து படுத்தானாம். குழந்தைகள் அவன் செத்துக் கிடப்பதாக நினைத்துக் காவலாளியைக் கூட்டிவந்தார்களாம். கால்களை மட்டும் நான்கு தடவை அளந்தானாம். போனில் படங்களைக் காட்டினான். சயோகோ வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பின்கால்களில் இரும்புப் பட்டைகளை வைத்து, உயரம் இறங்காமல் பற்றவைத்து, மேலே அதே சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். முன்காலுக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. உள்ளே இருந்த காற்று எத்தனையோ வருடங்களுக்கு முன்பே போய், கம்பி முழுக்க உள்ளே இறங்கிவிட்டிருந்தது. ஷுஹேய் கண்ணால் கண்டதை ஒரு மயிரிழை பிசகாமல் வரைந்திருக்கிறான். கண்டது, பறப்பதை நிறுத்திப் பல வருடமான விமானம்.

"முன்காலையும் அளந்தியா?" என்று கேட்டாள்.

"அதைத்தான் முதல்ல அளந்தேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், மூன்றாம் மேசை நான்தான் என்பதையும் அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்ல வேண்டும். ஒகிதாவுக்குக் கொடுத்த வாக்கும் போகும். இன்னும் நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோமியே இன்னும் நான்கு துண்டுகளை அவள் தட்டில் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இதழ் அலுவலகத்துக்குப் போய், இந்த மாதம் தன்னால் முடியாது என்று ஒகிதாவிடம் சொன்னாள். ஹமாயூவில் விமானம் வரைந்தவன் தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்பதையும் சொன்னாள். ஒகிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இதை இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு முறை சொல்லிவிட்டு, வேறு வழி தேடினாள். புதன்கிழமை பக்கம் முடிய வேண்டும். செய்து முடித்த இரண்டு விமானங்களையும் இதழில் எழுதும் இன்னொருவரான குராத்தாவிடம் கொடுத்தால் அவர் பார்த்து எழுதிவிடுவார். சயோகோ திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

குராத்தாவை சயோகோவுக்குத் தெரியும். அவர் பார்ப்பதெல்லாம் ஒட்டு மட்டும்தான். எங்கே பட்டி தேவைப்பட்டது, எங்கே தேவைப்படவில்லை. சந்தேகமே இல்லாமல் ஹமாயூதான் என்று எழுதுவார். யாரும் பொய் சொன்னதாக ஆகாது. அவள் வாயே திறக்க வேண்டியதில்லை.

அந்த நிம்மதி ஒன்றரை நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வேறு ஒன்று தோன்றியது. கிட் நன்றாக விற்கும். என்றாவது ஒரு நாள் பழைய விமான நிலைய மெக்கானிக் யாராவது கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுவார், ஐயா, உங்கள் விமானத்தின் மூக்கு ஏன் தொங்குகிறது என்று. ஷுஹேய் அந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து அவளிடம் காட்டுவான். அப்போது அவள், முதல் தடவையாகக் கேள்விப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு முகத்தை அவன் எதிரில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னால் கல்யாணமே நின்றுபோகலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் யோசித்துவிட்டு, விமானங்களைச் செவ்வாய்க்கிழமைதான் கொண்டுவர முடியும் என்று ஒகிதாவுக்குச் செய்தி அனுப்பினாள். வேலை முடிந்து வரும்போது வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும்படி ஷுஹேய்க்கு எழுதினாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்தான். வரும் வழியில் வாங்கிய மீன் அப்பளப் பொட்டலத்தை நீட்டியவன், கண்ணாடிப் பலகையில் நின்ற இரண்டு விமானங்களையும் பார்த்து நின்றுவிட்டான். கடைக்கே இன்னும் வராத சரக்கு.

"இதெல்லாம் உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நான்தான் மூணாம் மேசை."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். ஆறு வருஷமாகவா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அந்தக் கோட்டையும் நீதானா என்றான். அதற்கும் ஆமாம் என்றாள். அவன் தரையில் மண்டி போட்டு, கண்ணைக் கண்ணாடிப் பலகையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தான்.

என்ன சொல்ல வேண்டும் என்று சயோகோ இரண்டு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். எதுவும் தேவைப்படவில்லை. அவன் முதலில் தன் விமானத்தைப் பார்த்தான். பிறகு மற்றதை. மறுபடி தன்னுடையதை.

"மூக்கு தொங்குது," என்றான்.

பழைய புகைப்படங்களை எடுத்துக் கொடுத்தாள். அவன் தன் போனில் இருந்த பூங்காப் படத்தை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினான். இரும்புப் பட்டை வந்ததும் விரல் நின்றது.

"எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி ஏழு."

"நீ எப்பப் பாத்த?"

"போன வாரம் இல்ல, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

அவன் மனதுக்குள் எண்ணினான். "அப்ப எங்கம்மா இறால் பொரிச்சப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சயோகோ, பாகத்துல ஒரு இடத்தைக் குறைக்கணும்னா அச்சோட எஃகை அடைக்கணும், அது பெரிய வேலை. கூட்டணும்னா செதுக்கி எடுத்தாப் போதும். கால் குழியை ஒண்ணு புள்ளி ஏழு ஆழமா வெட்டினா அடுத்த வார்ப்புலேயே கால் நீளமா வந்துரும். அரை நாள் வேலை. போன வியாழக்கிழமைதான் பேக்கிங் ஆரம்பிச்சுது. மூவாயிரம் பெட்டி ஒட்டியாச்சு."

அச்சில் அப்படித் திருத்தலாம் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் பெட்டி கைக்கு வந்த பிறகு நடப்பதுதான். கம்பெனிக்காரர்களிடம் பேசக் கூடாது என்பது விதி என்று மெதுவாகச் சொன்னாள்.

"விதி எனக்கும் தெரியும். விதி மேல எனக்குக் கோவமில்ல," என்றான். "ஹமாயூகிட்ட நீ சொல்லியிருக்க வேணாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

அவன் புகைப்படங்களை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டு, அவள் தலையசைத்ததும் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். மீன் அப்பளம் மேசையிலேயே இருந்தது.

மறுநாள் அவனிடமிருந்து போன் வரவில்லை. பதினோரு மணிக்கு சயோகோ லேபிலிருந்து வெளியே வந்து ஒகிதாவை அழைத்து, கம்பெனிக்காரனிடம் தான் சொல்லிவிட்டதைச் சொன்னாள். ஒகிதாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஹமாயூ முதலாளி காலையிலேயே இதழுக்குப் பேசியிருந்தார். அவர்களுடைய வரைவாளர் ஏழு மணிக்கெல்லாம் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, பேக்கிங்கை நிறுத்தச் சொன்னானாம். நிறுத்திவிட்டார்கள். வெளியீடு ஒரு மாதம் தள்ளிப் போகிறது. மூவாயிரம் பெட்டியையும் பிரித்துக் கால் மாற்றப் போகிறார்கள்.

"மூணாம் மேசை இனிமே உனக்கு இல்லம்மா," என்றாள் ஒகிதா. "புரியுதில்ல?"

"புரியுது, ஒகிதா சான்."

"ஆனா இந்த மாசத்தை நீயே முடி. குராத்தாவுக்கு மூக்கும் தெரியாது காலும் தெரியாது. உன் பேரைப் போட்டு எழுது. யாரைக் கட்டிக்கப் போறேன்னு முதல் வரியிலயே சொல்லிடு. கடைசி வரி எப்பவும்போல."

அன்று மாலை உட்கார்ந்து எழுதினாள். முதல் வரி சீக்கிரம் வந்துவிட்டது. ஹமாயூவின் ஒட்டுகளைப் பற்றி எழுதினாள், அதில் அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. யுகிஷிமாவின் இறக்கைக்குப் போட்ட பட்டியைப் பற்றி எழுதினாள். முன்காலைப் பற்றியும், தவறு எப்படி வந்தது என்பதைப் பற்றியும், அதைத் திருத்தப் போவதாகக் கம்பெனி சொல்வதைப் பற்றியும் எழுதினாள். திருத்திய கால் இன்னும் அவள் கையில் இல்லை. பெட்டியில் இல்லாத ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்துக்கு இல்லை. ஒட்டு மோசமாக இருந்தால் வாங்குகிறவர் நான்கு நாள் உழைத்துச் சரிசெய்துகொள்ளலாம். நிற்கும் விதமே தவறாக இருந்தால், அது தவறு என்றே பலருக்குத் தெரியப்போவதில்லை. இந்த மாதம் யுகிஷிமாவை வாங்குங்கள் என்று எழுதி, கீழே தன் பெயரை எழுதினாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவன் பேசவில்லை. வியாழன் சாயங்காலம் தோமியேதான் போன் செய்தாள். சனிக்கிழமை வேலை இருக்கிறதா என்று விசாரித்தாள். இல்லை என்றதும், மெல்லிய கையுறை இருந்தால் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு ஹமாயூவுக்கு வந்துவிடச் சொன்னாள். அவன் கூப்பிடச் சொன்னானா என்று தெரியாமலே சயோகோ கையுறையைத் தேடி எடுத்து வைத்தாள்.

போகும்போது முதலாளிக்கு ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு போனாள். தாமதமாகச் சொன்னதற்காக இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டாள். அவரும் பதிலுக்கு வளைந்தார். பிறகு அவள் அளந்த வெர்னியரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பல் லேபில் சம்பளம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரித்தார்.

பேக்கிங் கூடத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். ஊழியர்களோடு வீட்டாரும் வந்திருந்தார்கள். பெட்டியின் காகித ஒட்டை மெதுவாக உரிக்க வேண்டும், கால்கள் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும், மறுபடி ஒட்ட வேண்டும். எய்ஜி டப்பா ஆலைக்காரர் என்பதால் இரண்டு நிமிடத்தில் எல்லோருக்கும் மேஸ்திரி ஆகிவிட்டார். தோமியே சயோகோவுக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

"வாய் நிறையத் திட்டிட்டேன் உன்னை. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மெதுவாத் திட்டியிருப்பேன்ல."

"நல்லாத்தான் இருந்துச்சும்மா கேக்க," என்றாள் சயோகோ. தோமியே அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஷுஹேய் எதிர் மேசையில் புதிய கால்களை ஒவ்வொன்றாக அளந்து அடுக்கிக்கொண்டிருந்தான். பத்தரை மணி டீயின்போது சயோகோ எழுந்து போய், அச்சுக்குப் போகும் பக்கத்தின் நகலை அவன் முன் வைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு முழுவதும் படித்தான். கடைசி வரியில் நிற்கவில்லை. திரும்ப நடுவுக்குப் போனான்.

"யுகிஷிமா இறக்கைக்கு நாலு நாள் பட்டி பாத்தியா?"

"நாலு மாலை."

"அப்படியும் அவங்களோடதுதான்."

"இந்த மாசம் அதுதான் சரி."

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முதலாளி முடிவு சொல்லிவிட்டார், அடுத்த வருடம் தனக்குக் கோட்டைதான், விமானம் அதற்கப்புறம் பார்க்கலாம் என்று சொன்னான். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு பக்கத்தில் இருந்த முக்காலியை அவள் பக்கம் தள்ளினான். சயோகோ உட்கார்ந்தாள். சட்டத்தைக் கையில் எடுத்து, அவன் அளப்பதற்கு வாகாக ஒவ்வொன்றாக நீட்டினாள். பத்திருபது கால்கள் அப்படியே போயின.

"நீ சொல்லாம வச்சிருந்த அந்தப் பத்து நாள் இன்னும் வலிக்குது எனக்கு," என்றான், வெர்னியரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நவம்பருக்குள்ள போயிடும்னு நினைக்கிறேன்."

"போகலன்னா?"

"டிசம்பர்ல போகும்," என்று சொல்லி அடுத்த காலுக்குக் கை நீட்டினான்.